படத்துக்கு மூன்று திராட்சை

கத்தியக்காவின் முட்டிகள் இரண்டும் விடியற்காலை நான்கரைக்கே விழித்துக்கொள்ளும். அவர் எழுந்திருப்பது ஐந்தரைக்கு. இடையில் இருக்கும் ஒரு மணி நேரம் முட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கும்; அக்கா கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டு கிடப்பார்.

பதினெட்டு ஆண்டுகள் அவர் ஒரு பெரிய மருத்துவமனையில் மாடிப்படி துடைத்தவர். அங்கே நோயாளிக்கு நாற்காலி உண்டு. நோயாளியைப் பார்க்க வருகிறவருக்கு நாற்காலி உண்டு. தீயணைப்புக் குழாய்க்குக்கூடச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பெட்டி உண்டு. துடைக்கிறவர்களுக்கு மட்டும் உட்கார ஓரிடம் கிடையாது. படியில் ஒரு நிமிடம் குந்தினால் மேலே இருந்து மேற்பார்வையாளர் கைதட்டுவார். எலும்பு மருத்துவர்கள் பதினொரு பேர் இருந்த கட்டடம் அது. தினமும் அவர்கள் அக்காவின் ஈரத்துடைப்பத்தைத் தாண்டித்தான் போனார்கள். நின்று தேயும் முட்டியைப் பற்றி மாநாட்டில் கட்டுரை படித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு நாற்காலி போடத் தோன்றவில்லை. அறிவு போதாமல் நடந்த அநியாயம் அல்ல இது. அறிவு மாடியில் இருந்தது, முட்டி படியில் இருந்தது, அவ்வளவுதான்.

அதனால்தான், நாய் விடுதியில் பழம் நறுக்கும் வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனபோது, அக்கா கேட்ட முதல் கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"உக்காந்து நறுக்கலாமா சார்?"

"படுத்துக்கிட்டுகூட நறுக்குங்க. விரல் பத்திரமா இருந்தா சரி" என்றார் முதலாளி. சிரித்த முகக்காரர். முன்பு டயர் கிடங்காக இருந்த நீளக் கட்டடத்தை வாங்கி, பதினான்கு கூண்டுகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 'அறை' என்று பெயர் வைத்திருந்தார். வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாயை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னும் ரப்பர் வாசனை வரும்.

பின்பக்கத்து அறையில் ஒரு தொட்டி, ஒரு எவர்சில்வர் மேசை, ஒரு முக்காலி. அக்கா அந்த முக்காலியில் உட்கார்ந்த முதல் நாள் வீட்டுக்கு வந்து தங்கையிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். தங்கை ஒரு சட்டை ஆலையில் நின்றபடி இஸ்திரி போடுகிறவள். "நம்ம வீட்டுல ரெண்டு பேரு, நாலு முட்டி. நல்லது ஒண்ணோ ஒண்ணரையோ. அந்த ஒண்ணரையையாவது காப்பாத்து" என்றாள். இந்த வேலை போய்விடக் கூடாது, மறுபடி படிக்கட்டுக்குப் போய்விடக் கூடாது. அதற்குமேல் வாழ்க்கையிடம் கேட்க அக்காவிடம் எதுவும் மிச்சமில்லை.

கத்தியக்கா என்ற பெயர் அங்கே வந்ததுதான். யாரையும் குத்தியதில்லை. ஆப்பிளைக் கையில் வைத்தபடியே நான்காகப் பிளந்து, ஒரே சுழற்றில் விதையும் நடுத்தண்டும் தெறிக்கும்படி எடுப்பார். அதைப் பார்த்துவிட்டு, கூண்டு கழுவுகிற நாற்பது வயதுக்காரர் ஒருவர் வைத்த பெயர். அவரை எல்லாரும் ஹோஸ்காரர் என்பார்கள். கையில் தண்ணீர்க் குழாய் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது.

திங்கட்கிழமைதோறும் வந்து நாய்களை எடை போட்டுப் பார்க்கும் டாக்டரம்மா அக்காவுக்கு ஆரம்பத்திலேயே எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். பழம் நாய்க்குச் சாப்பாடு இல்லை, ஆசைக்குக் கொடுப்பது. இந்த மாதிரிக் கொசுறு எல்லாம் சேர்த்து ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆப்பிள் விதையில் நஞ்சு இருக்கிறது, நடுத்தண்டு தொண்டையில் சிக்கும். தர்பூசணி என்றால் விதையும் தோலும் போய்விட வேண்டும். மாங்கொட்டையை முழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும், அப்புறம் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். வாழைப்பழம் சின்ன நாய்க்கு இரண்டு வில்லை போதும். புதுப் பழம் எதுவானாலும் முதலில் ஒரே ஒரு துண்டு கொடுத்து ஒரு நாள் பார்க்க வேண்டும். 'ஹெட்மாஸ்டர்' என்று அவர்கள் கூப்பிடும் கிழட்டு நாய்க்குச் சர்க்கரை நோய். அதற்குப் பழமே கிடையாது, வெள்ளரித் துண்டுதான்.

திராட்சை மட்டும் கூடவே கூடாது. பச்சையோ கறுப்போ காய்ந்ததோ, ஒன்றுகூட.

"எத்தனை தின்னா ஆபத்து டாக்டரம்மா?" என்று அக்கா கேட்டார்.

"அதான் தெரியாதுக்கா. ஒரு நாய் ஒரு கொத்து தின்னுட்டு வாலை ஆட்டிக்கிட்டு நிக்கும். இன்னொண்ணு நாலே நாலு தின்னுட்டு ரெண்டு மூணு நாள்ல கிட்னி போய்ப் படுத்துரும். எந்த நாய் எப்படின்னு முன்னாடியே சொல்ல முடியாது. அதனாலதான் ஒண்ணுகூட வேணாம்ங்கிறோம்."

அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் படித்தவரை அவர் அதற்கு முன் சந்தித்ததில்லை.

பகல் பதினொரு மணிக்குப் பழக் கிண்ணம். கிண்ணத்தோடு ஒவ்வொரு நாயையும் முன் அலுவலகப் பெண் தன் கைப்பேசியில் படம் பிடித்து, அதை வளர்க்கிறவர்களுக்கு அனுப்புவாள். அவளுக்குப் போட்டோப் பொண்ணு என்று பெயர். தர்பூசணி வரத்து நின்ற மாதம் முதலாளி அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னக்கா இது, ஆப்பிளும் வெள்ளை, வாழைப்பழமும் வெள்ளை. ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு. ஒரு கலர் வேணாமா?"

"பப்பாளி வைக்கிறேன் சார்."

"பப்பாளி வழியுது. படத்துல அசிங்கமா தெரியுது."

மறுநாள் அவரே ஒரு பெட்டி கறுப்புத் திராட்சை கொண்டுவந்தார். வாழைப்பழ வில்லைகளைப் பரப்பி, மேலே இரண்டு திராட்சையைக் கண்ணாகவும் ஒன்றை மூக்காகவும் வைத்தார். கிண்ணத்துக்குள் ஒரு நாய்முகம் சிரித்தது. போட்டோப் பொண்ணு "ஐயோ, சூப்பர் சார்!" என்றாள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

அக்கா டாக்டரம்மா சொன்னதைச் சொன்னார். முதலாளி சிரித்தார். "எங்க வீட்டு நாய் திராட்சைத் தோட்டத்துலயே வளந்துச்சுக்கா. பதினாறு வருஷம் இருந்துச்சு."

இந்தப் பதினாறு வருஷ நாய் எல்லா ஊரிலும் இருக்கிறது. புகை பிடித்தும் தொண்ணூறு வயது வாழ்ந்த மாமாவும் அதோடு சுற்றிக்கொண்டிருப்பார். பிழைத்தவர்கள் மட்டும்தான் சாட்சி சொல்ல வருவார்கள். செத்தவர்களுக்குப் பேச்சு கிடையாது. இந்த ஒரு சின்னக் கணக்கு விளங்காமல் மனிதர்கள் எத்தனை உயிரைக் கொன்றிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

அக்காவுக்கும் அது விளங்கிற்று. ஆனால் முட்டிகளும் கூடவே இருந்தன. எதிர்த்து நின்றால் முக்காலி போய்விடும். அதனால் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்: திராட்சை படத்துக்கு மட்டும். கிண்ணத்தை நாய்க்கு எட்டாத உயரத்தில் பிடித்துப் படம் எடுக்க வேண்டியது. எடுத்ததும் மூன்று திராட்சையையும் பொறுக்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டு, பிறகு கிண்ணத்தைக் கீழே வைக்க வேண்டியது. மூன்று போகும், மூன்று வரும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அக்கா வாய்விட்டு எண்ணுவார். கடைசி நாய்க்கும் ஆன பிறகு தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். எட்டு வாரம் இப்படியே போயிற்று. அது சரியான ஏற்பாடு இல்லை. ஒரு பொய்யைப் பத்திரமாகச் சொல்வதற்கான ஏற்பாடு. அக்காவுக்கே அது தெரியும். "என்னிக்காவது ஒரு நாள் நான் எண்ணிக்கிட்டு இருக்கும்போது தும்மல் வந்துரும்" என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார்.

தும்மல் வரவில்லை. வீடியோ வந்தது.

"எல்லாரும் கேக்குறாங்க, நாய் நெஜமாவே சாப்பிடுதா, இல்ல படத்துக்குத்தானான்னு" என்றார் முதலாளி, ஒரு வியாழக்கிழமை காலை. "இன்னிலேருந்து வீடியோ. கிண்ணத்தைக் கீழ வைக்கணும், நாய் ஓடி வரணும், வாய் வைக்கணும். நாலு செகண்டு போதும்."

"அப்ப திராட்சை வேணாம் சார்."

"முகம் இல்லாம என்னக்கா வீடியோ? நாலு செகண்டுல என்ன ஆகப் போவுது? நீங்கதான் மின்னல் மாதிரி கை வச்சிருக்கீங்களே."

அக்கா மேசையைப் பிடித்து எழுந்தார். முதல் ஐந்து கிண்ணங்களுக்கு அவர் கூண்டு வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் கிண்ணத்தை வைத்து, நாயின் மூக்கு வரும்முன் மறு கையால் மூன்றையும் வழித்து எடுத்தார். ஐந்து முறை உட்கார்ந்து ஐந்து முறை எழுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆறாவது 'சோபா'. நீள உடம்பும் குட்டைக் காலுமாக இருக்கும் பழுப்பு நாய், ஆறரைக் கிலோ. நின்றாலும் படுத்தாலும் ஒரே உயரம் என்பதால் அந்தப் பெயர். ஒரு கணக்கு டீச்சர் வீட்டு நாய்.

"அக்கா, உங்க கை வீடியோவுல வருது" என்றாள் போட்டோப் பொண்ணு.

"கை தெரிஞ்சா புடுங்கிக்கிற மாதிரி இருக்குக்கா. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? கையை எடுங்க" என்றார் பின்னால் நின்ற முதலாளி.

அக்கா கையை எடுத்தார்.

சோபா மெல்லுகிற ஜாதி இல்லை. ஒரே வாய். முகம் போயிற்று, கண் போயிற்று, மூக்கு போயிற்று. அக்கா இரண்டு விரலை அதன் வாய்க்குள் விட்டுத் துழாவினார். வாழைப்பழக் கூழ்தான் வந்தது. நாய் அந்த விரலையும் நக்கிவிட்டு வாலை ஆட்டியது.

"பிரமாதம்!" என்றார் முதலாளி. "இதான் வேணும். அனுப்பு, அனுப்பு."

மணி பதினொன்று இருபது. அக்கா மிச்சம் இருந்த கிண்ணங்களில் திராட்சையை எல்லாம் பொறுக்கிக் குப்பையில் கொட்டினார். முதலாளியிடம் போனார்.

"சார், டாக்டரம்மாவைக் கூப்பிடணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுக்க வச்சா வெளிய வந்துரும். அப்புறம் கஷ்டம்."

"மூணே மூணு திராட்சைக்கா டாக்டர்? சாயந்திரம் வரைக்கும் பாப்போம். ஏதாவது ஆனா அப்பக் கூப்பிடலாம்."

"ஆன பின்னாடி கூப்பிட்டு என்ன சார் பண்றது? வெளிய தெரியறப்போ கிட்னி போயிருக்கும்."

முதலாளியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. கதவைச் சாத்தினார். "கூப்பிட்டா டாக்டர் டீச்சருக்குச் சொல்வா. டீச்சர் பத்து பேருக்குச் சொல்வா. யாரு குடுத்தாங்கன்னு முதல்ல கேப்பாங்க. கிண்ணத்தைக் கீழ வச்சது யாரு? நீதானே? யோசிச்சுக்கோ." அதுவரை 'நீங்க' என்று பேசியவர்.

அக்கா தன் அறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். சோபா பின்னாலேயே வந்து காலடியில் நீளமாகப் படுத்துக்கொண்டது. கழுவிவிட்டு வந்த ஹோஸ்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆறுதல் சொன்னார்.

"ஒண்ணும் ஆகாதுக்கா. உங்க கைராசிக்கு எந்த நாயாவது படுத்திருக்கா?"

"கைராசி வயித்துக்குள்ள போய் திராட்சையப் பொறுக்குமா தம்பி?"

"அப்ப உப்புத் தண்ணியக் கரைச்சு ஊத்துவோம். கொடகொடன்னு எடுத்துரும்."

"நீ குழாயை மட்டும் புடி. உப்பு ஏறினா அதுவே நாயைக் கொன்னுரும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

அக்கா உட்கார்ந்தே இருந்தார். உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுகம் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார், சில நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சும்மா இருந்தால் போதும். பாதிக்குப் பாதி எல்லாம் நல்லபடியாக முடியும். இந்தப் பாதிக்குப் பாதியை நம்பித்தான் முதலாளி சாயந்திரம் வரை பார்ப்போம் என்கிறார். நாணயத்தைச் சுண்டுவது இவர்கள். அது எந்தப் பக்கம் விழுந்தாலும் விலை கொடுப்பது நாய்.

பதினொன்று ஐம்பதுக்குத் தன் கைப்பேசியில் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

"எத்தனைக்கா?"

"மூணு. கறுப்பு. பெரிசு. மெல்லாம முழுங்கிருச்சு."

"எப்போ?"

"பதினொண்ணு இருபது. எடை ஆறரை, திங்கக்கிழமை நீங்க போட்டது."

"உடனே தூக்கிட்டு வாங்க. வண்டி இருக்கா?"

வண்டி இருந்தது; சாவி முதலாளியிடம் இருந்தது. அக்கா ஒரு பழைய துண்டில் சோபாவைச் சுற்றித் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தார். வெளிக் கதவின் பூட்டு போட்டோப் பொண்ணின் மேசைக்குக் கீழே ஒரு பொத்தானில் இருந்தது.

"அக்கா, எங்க போறீங்க? சார் கேட்டா நான் என்ன சொல்ல?"

"நான் திருடிட்டுப் போறேன்னு சொல்லு. அமுக்குமா பொத்தானை."

அவள் உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். அமுக்கினாள்.

டாக்டரம்மாவின் மருத்துவமனை மூன்று தெரு தள்ளி. ஆறரைக் கிலோ முதல் தெருவில் ஆறரை, இரண்டாவது தெருவில் பன்னிரண்டு, மூன்றாவது தெருவில் இருபது. வழியில் ஒரு சைக்கிள் கடைக்காரர், "நாய்க்குக் கால் இல்லையா, உங்களுக்கு இல்லையா?" என்று கேட்டார். "ரெண்டு பேருக்கும் குட்டை" என்று சொல்லிக்கொண்டே அக்கா நடந்தார். நின்றால் திரும்ப நடக்க முடியாது என்று பயம்.

டாக்டரம்மா ஊசி போட்ட ஐந்தாவது நிமிடத்தில் சோபா வாந்தி எடுத்தது. வாழைப்பழக் கூழுக்கு நடுவே இரண்டு திராட்சைகள் முழுசாக, பளபளவென்று. சற்றுப் பொறுத்து மூன்றாவது, பாதி கிழிந்து. அக்கா பழக்கத்தில் வாய்விட்டு எண்ணினார். மூன்றும் வந்துவிட்டன.

"ஒண்ணு கிழிஞ்சிருக்கு. கொஞ்சம் உள்ள போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. "கரி மருந்து குடுத்து ரெண்டு நாள் டிரிப்ல வைக்கணும். மூணு நாள் ரத்தம் பாக்கணும். வீட்டுக்காரங்களுக்குச் சொல்லணும்க்கா."

"சொல்லுங்க."

டீச்சர் தன் தங்கையின் வீட்டுக்கு, இரண்டு மணி நேரப் பயணத் தூரத்துக்குப் போயிருந்தார். மாலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தார். ஒல்லியான, கண்ணாடி போட்ட அம்மாள். நாயின் காலில் ஊசிக் குழாயைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். கைப்பேசியை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அதில் சோபா திராட்சை முகத்தை விழுங்கும் வீடியோ. அதற்குக் கீழே டீச்சர் போட்ட நான்கு சிவப்பு இதயங்கள்.

"நான் ரசிச்சேன். அது வெஷம் திங்கிறதைப் பாத்து நான் இதயம் போட்டிருக்கேன்" என்றார். பிறகு நிமிர்ந்து, "யாரு குடுத்தது?" என்று கேட்டார்.

"கிண்ணத்தை வச்சது நான் டீச்சர். கையை எடுத்ததும் நான்தான். எடுக்கச் சொன்னது முதலாளி. திராட்சை வாங்கிட்டு வந்ததும் அவர்தான். கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எட்டு வாரமா படத்துக்கு வச்சுக் குடுத்தேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு வரிசையா என் பிள்ளைங்க யாரும் விடை எழுதினதில்ல" என்றார். அது பாராட்டா திட்டா என்று அக்காவுக்குப் புரியவில்லை. கேட்கவும் தெம்பில்லை.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல வேலைக்குப் போனார். மேசைமேல் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. முதலாளி மறுபடி 'நீங்க'வுக்குத் திரும்பியிருந்தார்.

"படிச்சுப் பாருங்க. ஒரு கையெழுத்துதான். போட்டுட்டீங்கன்னா எப்பவும்போல நீங்க உக்காந்து வேலை பாக்கலாம். நேத்து நடந்ததை நான் மனசுல வச்சுக்க மாட்டேன்."

அக்கா மெதுவாகப் படித்தார். 'என் மதிய உணவுக்காக நான் கொண்டுவந்திருந்த திராட்சையை, அன்பின் மிகுதியால், நிர்வாகத்துக்குத் தெரியாமல் நாய்க்குக் கொடுத்துவிட்டேன்.'

"திராட்சை வாங்கித் திங்கிற வீடா சார் எங்க வீடு?"

"அட, ஒரு பேச்சுக்கு."

"அன்பின் மிகுதின்னு யாரு எழுதினது?"

"நம்ம வக்கீல்தான். நல்லாருக்குல்ல? உங்க மேல யாருக்கும் கோபமே வராது."

அக்கா தாளை மேசையில் வைத்தார். முட்டிகள் இரண்டும் நேற்றைய மூன்று தெருவுக்குப் பதில் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு கையெழுத்து. டீச்சரிடம் உள்ளதைச் சொல்லியாயிற்று. இந்தத் தாள் வெறும் காகிதம். வீட்டில் தங்கைகூடப் போட்டுவிடு என்றுதான் சொல்வாள்.

"நாளைக்கு வீடியோவுல திராட்சை உண்டா சார்?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்க்கா."

"அப்புறம்னா?"

"இனிமே யாரும் சாப்பாட்டுல பழம் கொண்டுவரக் கூடாதுன்னு போர்டு வைக்கிறேன். போதுமா?"

அங்கேதான் அக்காவுக்கு முடிவு வந்தது. காரணத்தைத் தப்பாக எழுதினால் மருந்தும் தப்பாகத்தான் போகும். இந்தத் தாளின்படி கெட்டது அவருடைய சாப்பாட்டு டப்பா. அதனால் தடை டப்பாவுக்கு. திராட்சைப் பெட்டி அதே இடத்தில் இருக்கும். கண்ணும் மூக்கும் வைத்த முகம் நாளைக்கும் சிரிக்கும். அடுத்த கூண்டில் 'மீசை' என்ற நாய் இருக்கிறது, அதற்கடுத்து ஒரு மூன்று மாதக் குட்டி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வாந்தி மருந்து நேரத்துக்குக் கிடைக்காது.

தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பேனா கேட்டு வாங்கி, முக்காலியில் உட்கார்ந்து எழுதினார். எழுத்து பெரிது பெரிதாக, கோணலாக வந்தது. திராட்சை எப்போதிலிருந்து, யார் வாங்கியது, எதற்கு வைத்தது, எத்தனை மணிக்கு எத்தனை, யார் சொல்லி யார் கையை எடுத்தது, எத்தனை மணிக்கு டாக்டருக்குச் சொன்னது. அன்பைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார்.

முதலாளி வாங்கிப் படிப்பதற்குள், வாசலில் நின்ற போட்டோப் பொண்ணு கைப்பேசியைத் தூக்கி அதைப் படம் பிடித்துவிட்டாள்.

"ஏய், எதுக்கு எடுத்தே?"

"பழக்கதோஷம் சார்" என்றாள் அவள். முகம் வெளிறியிருந்தது.

முதலாளி படித்தார். கிழிக்கவில்லை; மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைலேருந்து வர வேணாம்" என்றார்.

"சரிங்க சார். ஆப்பிள் பாதி நறுக்கிக் கெடக்கு. கறுத்துப்போகும். முடிச்சுட்டுப் போறேன்."

அக்கா உட்கார்ந்து, மிச்ச ஆப்பிளையும் நறுக்கி, விதை பார்த்து எடுத்து, நாயின் அளவுக்குத் தக்கபடி கிண்ணங்களில் போட்டார். ஹெட்மாஸ்டருக்கு வெள்ளரி. பதினொரு மணிக்கு எல்லாவற்றுக்கும் வைத்தார். அன்று யாரும் வீடியோ எடுக்கவில்லை. நாய்களுக்கு அதனால் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பகலிலேயே படுத்துவிட்டார். மாலையில் தங்கை வந்து எழுப்பினாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஒரு கையெழுத்து. மூணு நிமிஷ வேலை. அதைப் போட உனக்கு என்ன கேடு?"

"போட்டிருந்தா அடுத்த நாய்க்கு யாரு பதில் சொல்றது?"

"அடுத்த நாய் உனக்கு முட்டி மாத்தி வைக்குமா?"

"வைக்காது."

"மறுபடி படியா?"

"படிதான்."

தங்கை கொஞ்ச நேரம் திட்டினாள். பிறகு வெந்நீர் வைத்து, துணி நனைத்து, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் அக்காவுக்கு ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. ஏழு மாடிக் கடை. படிக்கட்டு துடைக்க வேண்டும். மின்தூக்கி இருந்தது, அதன் பக்கத்தில், துப்புரவுப் பணியாளர்கள் படியைப் பயன்படுத்தவும் என்று பித்தளையில் பொறித்து மாட்டியிருந்தார்கள். அப்படி ஒரு வாக்கியத்தைப் பித்தளையில் பொறிக்கச் செலவு செய்தவருக்கு வெட்கம் என்று ஒன்று எந்த மாடியில் இருக்குமோ.

நான்காவது மாடியில் இருந்தபோது டீச்சர் கூப்பிட்டார். மூன்று பரிசோதனையும் சரியாக இருக்கிறது, சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, நாய் வீட்டுக்கு வந்து மெத்தையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க கடுதாசி எங்க எல்லார் போனுக்கும் வந்துச்சு. யாரு அனுப்பினதுன்னு தெரியல. பதினோரு பேரு சேந்து போய்க் கேட்டோம். இப்ப அங்க திராட்சையே கிடையாது. ஆனா உங்களைத் திரும்பக் கூப்பிட மாட்டேங்கிறாரு. கேட்டா, ஒழுக்கப் பிரச்சினைங்கிறாரு" என்றார்.

"பரவால்ல டீச்சர். திராட்சை போச்சுல்ல."

"நான் இப்ப அவனுக்கு என்ன பழம் குடுக்கலாம்?"

"இப்ப ஒண்ணும் வேணாம். தண்ணி நெறைய வைங்க. டாக்டரம்மா சரின்னு சொன்னப்புறம் ஆப்பிள்ல நகத்தளவு ரெண்டு துண்டு. விதை பாத்து எடுத்துருங்க. மெல்லாம முழுங்குறவன், சின்னதா நறுக்குங்க."

பேசி முடித்துவிட்டு அக்கா மேலே பார்த்தார். இன்னும் மூன்று மாடி. வாளியைத் தூக்கிக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தார். முட்டி உள்ளே எங்கோ கிர்ரென்றது. காலை எடுத்தார். மின்தூக்கிக்குப் போய்ப் பொத்தானை அமுக்கினார்.

"அக்கா, அது கஸ்டமருக்கு" என்று காவலாளி ஓடி வந்தார். "போர்டு பாக்கலையா?"

"பாத்தேன், படிச்சேன். எழுதினவரை வரச் சொல்லுங்க. ஏழாவது மாடி வரைக்கும் என்கூட நடந்து வந்து, அங்க நின்னு இன்னொரு தடவை படிச்சுக் காட்டட்டும்."

கதவு திறந்தது. அக்கா வாளியை உள்ளே வைத்து, துடைப்பத்தைச் சாய்த்து, தானும் ஏறி, ஐந்தை அமுக்கினார்.